தோலோடு தின்ற இருவர்

முதலில் ஆவி.

மூடியைத் தூக்கியதும் எழுந்தது. மெழுகுவர்த்தியின் மஞ்சளைத் தொட்டது. நேராக வந்து என் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. ஒரு கணம் மேஜை இல்லை, தட்டு இல்லை, எதிரே இருந்த மனிதர் இல்லை. வெள்ளை மட்டும்.

அந்த ஒரு கணத்தைத்தான் பல நாள் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஆவி, அதனால் தெரியவில்லை என்று. பொய்ச்சாட்சி. ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஆவி போய்விட்டது. நான் செய்தது அதற்குப் பிறகு. தெளிவான கண்ணாடியோடு.


ஐப்பசி. நுங்கம்பாக்கத்தில் மழை. நட்டநடு மத்தியானம்.

உள்ளே திரை போட்டு மத்தியானத்தைத் துரத்திவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். இருக்கிற வெளிச்சத்தை வெளியே தள்ளி, பிறகு அதையே சொட்டுச் சொட்டாக உள்ளே பரிமாறுகிற இடம். பெரிய இடத்தின் முதல் அடையாளம், உனக்குப் பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியக்கூடாது.

மெக்சிகோ உணவகம். வாசலில் கள்ளிச்செடி. நிஜக் கள்ளி. அதற்குத் தனியாக ஒரு விளக்கு. நம் பக்கத்தில் கள்ளியை வேலிக்கு வைப்பார்கள். இங்கேயும் வேலிக்குத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த வேலிக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.


என் மகள் ஹம்சினி, கதிரேசன் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். கூட வேலை பார்ப்பவன். பையன்மேல் குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே அவனுடைய அப்பாவிடம் குறை தேடப் போனேன்.

அப்பாவுக்கு உடன்குடியில் கடை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிறவர். பெயர் சிவனணைந்தபெருமாள். அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் ஒரு முழு வரியை எடுத்துக்கொள்ளும் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க சம்மதிக்காம நான் எதுவும் செய்யப்போறதில்லப்பா” என்றாள். அதை அவள் பணிவாகத்தான் சொன்னாள். எனக்கு அது கையில் கொடுத்த கத்திபோல இருந்தது. பிடி என் பக்கம்.

ஒரு தடவை நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் தார்ப்பாய்த் துணி எடுக்கச் சென்னைக்கு வரும் நாளாகப் பார்த்தேன். பிள்ளைகளை ஒன்றரைக்கு வரச் சொல்லிவிட்டு, அவரை மட்டும் ஒரு மணிக்கு வரச் சொன்னேன்.

என் மனைவி விமலா வர மறுத்துவிட்டாள். “பரீட்சை வைக்கிறவரும் எழுதுறவரும் போனாப் போதும். எனக்கு அங்க என்ன வேலை” என்றாள்.


அவர் மழையில் நனைந்துதான் வந்தார். கள்ளிச்செடியைக் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பெரிய கைகள். கயிறு இழுத்து இழுத்துத் தடித்த விரல்கள். அந்த விரல்களை நான் கவனித்தேன். என் பட்டியலில் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டேன்.

அந்த வாரம் மெக்சிகோவில் இறந்தவர்களுக்கான நாட்களாம். ஆகவே ஒரு மூலையில் படி கட்டி, சாமந்தி பரப்பி, சிரிக்கிற மண்டை ஓடுகளை அடுக்கி, நடுவில் ஒரு கிழவியின் புகைப்படத்தை வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ வாங்கிய படம். யாரோ ஒரு கிழவி.

அவர் அதன் முன் நின்றார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார்.

“எப்ப தவறுனாவ?” என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்டார், தணிந்த குரலில். “மொதலாளியோட அம்மையா?”

“இல்ல சார். டெகரேஷன்.”

“ஓ.” படத்தை மறுபடி பார்த்தார். “இருந்தாலும் யாருக்கோ அம்மதானம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூலையிலேயே மண்டை ஓடுகள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றோடு நானும் சேர்ந்துகொண்டேன்.


பரிமாறும் பெண்ணின் சட்டையில் லூபிதா என்று பெயர்ப்பட்டை இருந்தது. கழுத்துக்குக் கீழே மெக்சிகோ, குரலில் வந்தவாசி. முப்பத்தைந்து வயது இருக்கும்.

“ஒங்க பேரு என்னம்மா?” என்றார் அவர், உட்கார்ந்ததும் முதல் வேலையாக.

“லூபிதா சார்.”

“சரி. வீட்ல?”

அவள் மேலாளர் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “தெய்வானை சார்.”

“அதான பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றிய விதமே வேறு.


மெனு அட்டை தோலால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்துக்கு நான்கு பண்டங்கள், மிச்சமெல்லாம் இலக்கியம். பதினான்கு மணிநேரம் பொறுமை காத்த பயறு. கடலை மறக்காத உப்பு. ஒரு மிளகாய்க்கு அது பிறந்த மலையின் பெயர், வளர்ந்த சரிவின் பெயர், எல்லாம் போட்டிருந்தது. என் பாஸ்போர்ட்டில்கூட என்னைப் பற்றி அவ்வளவு இல்லை.

நான் ஒரு நோட்டம் விட்டுவிட்டு அட்டையை மூடினேன். அதுதான் உத்தி. தெரிந்தவன் படிக்கமாட்டான்.

“ஹூஸ்டன்ல இருந்தப்ப இதெல்லாம் தினப்படி” என்றேன்.

ஹூஸ்டனில் நான் இருந்தது ஆறு வாரம். அலுவலகம் அனுப்பிய பயிற்சி. காப்பீட்டு நிறுவனத்தின் மண்டல மேலாளர் என்கிற முறையில் போனேன். ஆறு வாரமும் அறையில் ரைஸ் குக்கரில் சோறு வைத்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த ஆறு வாரத்தைச் சொல்லிச் சொல்லி மூன்று வருஷமாக வளர்த்திருந்தேன். என் மகளைக்கூட அவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை.

அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். அப்படியா என்றார். அங்கே லாரிகளுக்கு என்ன தார்ப்பாய் போடுகிறார்கள் என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

“செவ்வாய்க்கெழம. கவுச்சி மட்டும் வேண்டாம் சார்” என்றார். “மத்தபடி நீங்க சொல்லுங்க. நமக்கு இது புதுசு. நீங்க எப்பிடிச் சாப்பிடுதியளோ, நானும் அப்பிடியே சாப்பிட்டுக்கிடுதேன்.”

எப்பிடிச் சாப்பிடுதியளோ. அப்பிடியே.

அந்த வாக்கியத்தை அவர் ஒரு வாக்குறுதிபோலச் சொன்னார். நான் அதை ஒரு வெற்றிபோல வாங்கிக்கொண்டேன்.


தமாலே என்று சொன்னேன். அட்டையில் எனக்குக் கொஞ்சமும் புரியாத பெயர் அதுதான்.

வந்தது. மூடியைத் தூக்கினார்கள். ஆவி. கண்ணாடியில் வெள்ளை. பிறகு தெளிவு.

ஆளுக்கு இரண்டு பொட்டலம். வெளிறிய சோளத் தோல். உள்ளே ஏதோ மாவு, ஏதோ பூசணி என்று தெய்வானை சொல்லிவிட்டுப் போனாள். தோலைச் சுற்றி, தோலிலேயே கிழித்த மெல்லிய நாரால் ஒரு முடிச்சு.

இவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். பார்த்தும், இது ஒரு உறை என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய இடத்தில் வைக்கிற எதையும் தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை. பூ வைத்தால் பூவைத் தின்கிறோம். கரி தடவினால் கரியைத் தின்கிறோம். நார் வைத்திருக்கிறார்கள், நாருக்கும் ஏதாவது ஒரு மலையின் பெயர் இருக்கும்.

எதிரே அவர் விரல்கள் முடிச்சுக்குப் போயின.

நான் கத்தியை எடுத்தேன். தோலோடு சேர்த்துக் குறுக்கே அறுத்தேன். முள்கரண்டியில் குத்தினேன். வாயில் போட்டேன்.

அவர் விரல்கள் நின்றன.

என் வாயைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய விரல்கள் முடிச்சை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தன. குறுக்கே அறுத்தன.


மென்றேன். சணல் சாக்கை மெல்லுகிற மாதிரி இருந்தது. மென்றேன். அது குறையவில்லை, கூடியது. ஏதோ தப்பு என்று நாக்கு சொன்னது. ஹூஸ்டனில் மூன்று வருஷம் இருந்தவன் நாக்கின் பேச்சைக் கேட்பானா.

“ஃபைபர் ஜாஸ்தி” என்றேன். “உடம்புக்கு நல்லது.”

“ஆமா சார்” என்றார். அவரும் மென்றுகொண்டிருந்தார். கன்னம் இப்படியும் அப்படியும் போனது. கண்ணில் லேசாக நீர். அதை நான் மிளகாய் என்று நினைத்தேன்.

வெளியே மழை. உள்ளே மெழுகுவர்த்தி. ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சோளத் தோலைத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வற்புறுத்தாமல். மடியில் துணி விரித்துக்கொண்டு.

மேஜையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் காட்சிக்கு அந்த இருட்டு தேவைப்பட்டது. இடத்தின் விலை அப்போதுதான் நியாயமானது.


தெய்வானை சட்னி மாதிரி எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பக்கமாக வந்தாள். அவர் தட்டைப் பார்த்தாள். நின்றாள்.

“சார்” என்றாள், மிக மெதுவாக. “அந்தத் தோலைப் பிரிச்சிடணும் சார். உள்ள இருக்கறது மட்டும்தான்.”

அப்போது என் தட்டில் பாதி மென்ற தோல் கிடந்தது. கத்தியால் அறுத்த விளிம்பு. அவிழ்க்காத முடிச்சு. அவள் தலையைத் திருப்ப ஒரு நொடி ஆகும்.

அந்த நொடியில் என் மடியிலிருந்த துணி தானாக எழுந்து தட்டின்மேல் விழுந்தது. தானாக என்று சொல்கிறேன். துணி தானாக எழுவதில்லை.

பிறகு சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி.

“அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லம்மா” என்றேன்.


அந்த வாக்கியம் முடியும்போதுதான் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஹம்சினியின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதிரேசன் அப்பாவின் தட்டைப் பார்த்தான். மென்று விழுங்க முடியாமல் ஓரமாக ஒதுக்கிவைத்த நார். அவன் காது சிவந்தது.

மேலாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவரிடம்தான் கேட்டார். தோலைத் தின்றவரிடம். சரியாகத்தானே இருந்தது, தோலைத் தின்றவர் ஒருவர்தானே.

சிவனணைந்தபெருமாள் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சாரும்தான் தோலத் தின்னாவ என்று. மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்காக என் முதுகு விறைத்துக் காத்திருந்தது.

“ஆமா. நமக்கு எங்க தெரியுது” என்றார், சிரித்துக்கொண்டே. “தின்னாலும் நல்லாத்தான் இருந்துச்சு. செத்த நார் ஜாஸ்தி, பாத்துக்கிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கதிரேசன் சிரிக்கவில்லை.


இதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதன் நிறுத்துகிற ஜாதி இல்லை.

தட்டில் ஆளுக்கு இன்னொன்று மிச்சம் இருந்தது. என் மகள் பார்க்க, துணிக்கு அடியில் கை விட்டு அந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்தேன். “இங்க பாருங்க” என்றேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. “மொதல்ல இந்த முடிச்சை அவுக்கணும். அப்புறம் இந்த மடிப்பு. அப்புறம் இது. பொறுமையாச் செய்யணும். அவசரப்பட்டா மாவு ஒட்டிக்கும்.”

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார். “அப்பிடியா” என்றார். “சரி சார்.” என் விரல் நாரில் சிக்கியது. முடிச்சு எனக்கு அவிழவில்லை. இழுத்து அறுத்தேன்.

வாழ்நாளெல்லாம் முடிச்சுப் போட்டு, முடிச்சு அவிழ்த்துப் பிழைக்கிற மனிதருக்கு நான் முடிச்சு அவிழ்க்கக் கற்றுக்கொடுத்தேன். அவர் கற்றுக்கொண்டார்.

தெய்வானை தட்டுகளை எடுக்கும்போது என் துணியையும் சேர்த்து எடுத்தாள். துணி சரிந்தது. அவள் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. துணியை ஒழுங்காக மடித்து, உள்ளே இருப்பது விழாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் மட்டும்தான் பேசிக்கொண்டே இருந்தான்.


பேசிக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் சொன்னேன். லிஃப்டில் சொன்னேன். மைத்துனனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

சொல்லச் சொல்லக் கதையில் தோல் வளர்ந்தது. முதலில் அவர் ஒன்றைத் தின்றார். அடுத்த வாரம் இரண்டு. மைத்துனனிடம் சொல்லும்போது இன்னொரு தட்டு கேட்டார். கதையில் நான் மட்டும் வளரவே இல்லை. எப்போதும் போலத் துணியை மடியில் விரித்து, முடிச்சை அழகாக அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பேரிடம் சொன்னபிறகு எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. அவர் என்னைப் பார்த்துத் தின்னவில்லை. அவராகவேதான் தின்றார். என் கண்ணாடியில் ஆவி.

விமலா ஒரே ஒரு தடவை கேட்டாள். “அப்ப நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?”

“நான் தெரிஞ்சவன்டி” என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் பலவகை உண்டு. அவளுடையது, விடை தெரிந்ததால் கேட்காத வகை.


ஹம்சினியிடம் அதையே காரணமாகச் சொன்னேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை. “தோல் எது பண்டம் எதுன்னு தெரியாத வீடு. அங்க போய் நீ என்ன பேசுவே, யார்கிட்டப் பேசுவே?”

அவள் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று விழுந்தால் அடுத்தது நகர்ந்து அந்த இடத்துக்கு வந்தது.

“சரிப்பா. வேண்டாம்னா வேண்டாம்” என்றாள். “ஆனா போன்ல சொல்லக்கூடாது. கதிரேசன் அப்பா கார்த்திகைக்கு நம்மளக் கூப்பிட்டிருக்கார். அங்க போய், அவர் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இதே காரணத்தைச் சொல்லுங்க.”


கார்த்திகை. உடன்குடி. சாயங்காலம்.

மழை பெய்து ஓய்ந்த மண். தெருமுழுக்க அகல்விளக்குகள் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே வெளிச்சத்தை வெளியே தள்ளவில்லை, வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னச் சின்னச் சுடர். காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன, எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளைத் திரும்பிப் பார்ப்பதுபோல.

வீடு நான் நினைத்ததைவிடப் பெரியது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். மடித்து அடுக்கிய தார்ப்பாய்களின் வாசனை. நான் மனசுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ரெண்டு குடும்பத்துக்கும் பழக்கவழக்கம் ஒத்துவராது. இதுதான் வாக்கியம். நாகரிகமான வாக்கியம். நன்றாக இஸ்திரி போட்டது.

கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். நான், விமலா, ஹம்சினி. எதிரே அவர், கதிரேசன். அவர் மனைவி தங்கக்கனி உள்ளேயிருந்து ஒரு பெரிய பானையைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

மூடியைத் தூக்கினார்.

ஆவி.


வெள்ளை ஆவி. கருப்பட்டி வாசனை, சுக்கு வாசனை, வெந்த ஓலையின் வாசனை. எழுந்து விளக்கின் மஞ்சளைத் தொட்டது. நேராக வந்து என் கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு மூச்சு. பிறகு தெளிவு.

பானை நிறையப் பொட்டலங்கள். பனங்குருத்து ஓலை. உள்ளே மாவு. ஓலையைச் சுற்றி, ஓலையிலேயே கிழித்த மெல்லிய நாரால் ஒரு முடிச்சு.

அதே முடிச்சு.


“ஓலைக் கொழுக்கட்ட” என்றார் தங்கக்கனி. “கார்த்திகைக்கு இது இல்லாம எங்களுக்கு ஆகாது. இவியளுக்கு நின்னா நின்ன எடத்துல இருவது வேணும். தின்னு முடிச்சா இவியளச் சுத்தி ஓலை இம்புட்டு ஒசரம் கெடக்கும். இன்னிக்கு நேத்தா, பால்குடி மறந்த நாள்ல இருந்து.”

“சும்மா இரு” என்றார் அவர்.

ஆனால் கை நிற்கவில்லை. ஒன்றை எடுத்தார். பெரிய விரல்கள் முடிச்சுக்குப் போயின. பார்க்காமலே அவிழ்த்தன. ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு, ஒரு விரிப்பு. மாவு ஒரு துளிகூட ஓலையில் ஒட்டவில்லை. பழுப்பு நிறத்தில், ஓலையின் வரிகள் பதிந்து, முழுசாக வந்தது.

பிறகுதான் என்னைப் பார்த்தார். பார்த்ததும் கை நின்றது. நுங்கம்பாக்கத்தில் நின்றது போலவே.

அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

மூடியைத் தூக்கிய கணத்திலேயே தெரியும். முடிச்சைப் பார்த்ததும் தெரியும். விரல்கள் தாமாகவே அங்கேதானே போயின. தெரிந்தும் கத்தியை எடுத்திருக்கிறார். தெரிந்தும் மென்றிருக்கிறார். தெரிந்துகொண்டே கன்னத்தில் கை வைத்து, முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று என்னிடம் பாடம் கேட்டிருக்கிறார்.


ஹம்சினி பானையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கணக்கு வாத்தியார் மகளாகப் பிறந்திருக்க வேண்டியவள், கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலையை இவ்வளவு அழகாக உரிக்கிறவர், அன்றைக்கு ஏன்.

விமலா யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு விடை முன்பே தெரிந்திருந்தது.

இஸ்திரி போட்ட வாக்கியம் வாயில் இருந்தது. மென்று பார்த்தேன். நார். குறையவில்லை, கூடியது. இந்தத் தடவை மேலே போட்டு மூடத் துணி இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தேன்.

“அன்னைக்கு மொதல்ல தோலைத் தின்னது நான்தான்” என்றேன்.

அகல்விளக்கு ஒன்று படபடத்தது. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கமாட்டேன் என்று தெரிந்ததால் தொடர்ந்தேன்.

“எனக்கு அது என்னன்னே தெரியாது. ஹூஸ்டன்ல நான் ஆறு வாரம் தயிர்சாதம் சாப்பிட்டேன். அந்தப் பொம்பள வந்து சொன்னதும் தட்டை மூடிட்டேன். பழியை இவர் மேல போட்டேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அதையே காரணமாச் சொல்லி இன்னைக்கு வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் வந்தேன்.”

கதிரேசனின் காது சிவந்தது. இந்தத் தடவை அது எனக்காக.

“இனிமே முடிவு உங்களுது” என்றேன் அவரிடம். “இந்த மாதிரி ஒரு ஆள் வீட்ல பொண்ணு எடுக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்.”


தங்கக்கனிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் வேறொன்றில் நின்றுவிட்டார். கணவர் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

“அப்பம் நீங்க எதுக்கு அந்தத் தோலத் தின்னிய? ஓலைய உரிக்கத் தெரியாத ஆளா நீங்க? வயித்துக்குச் சேராமப் போயி மூணு நாள் கஷாயம் குடிச்சியள, அது இதுக்கா?”

அவர் கையிலிருந்த ஓலையை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். தலை நிமிரவில்லை.

“சார் தனியாத் தின்னுக்கிட்டு இருந்தாவ” என்றார்.

பிறகு, அது போதாது என்று நினைத்தவர்போல, “அதான்” என்றார்.


ஹம்சினி முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. விமலா அவள் முதுகில் கை வைத்தாள். வாசலில் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தன.

அவர் பானைக்குள் கை விட்டார். ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். சூட்டில் விரலை உதறிக்கொண்டார்.

“மொதல்ல முடிச்சை அவுத்துருங்க சம்மந்தி” என்றார். “ஆறிட்டா ஒட்டிக்கிடும்.”

சம்மந்தி என்றார்.

என் விரல்கள் முடிச்சுக்குப் போயின. நின்றன. நார் ஈரமாக இருந்தது. அவர் எட்டி உதவி செய்யவில்லை. எப்படி என்று சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பதுபோல.

ஒரு இழுப்பு. இன்னொன்று. முடிச்சு அவிழ்ந்தது.

உள்ளேயிருந்து ஆவி. எழுந்தது. விளக்கின் மஞ்சளைத் தொட்டது. நேராக வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றிப் பாயில் வைத்தேன்.